மேட்டில் வராத மிஸ்ஃபயர்: ஒரு பழைய காரின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் முறைப்பாடும்

இந்த ஆய்வுக்குரிய வண்டி 1989ஆம் ஆண்டில் பதிவான ஒரு ஜப்பானியக் கார், 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர், கார்புரேட்டர் எஞ்சின். கலவையைப் பொறியால் பற்றவைக்கும் இக்னிஷன் அமைப்பு, பாயின்ட் (திறந்து மூடும் தொடர்பு முனை) இல்லாத டிரான்சிஸ்டர் வகை. பொறி எப்போது வேண்டும் என்று சமிக்ஞை தரும் பிக்கப் காயில், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயும், அந்தச் சமிக்ஞைப்படி மின்னோட்டத்தைத் துண்டிக்கும் இக்னைட்டரும் உயர் வோல்டேஜை உண்டாக்கும் இக்னிஷன் காயிலும் வெளியே பானெட்டுக்கு அடியில் ஓரத்திலும் இருக்கின்றன. எஞ்சினைக் கண்காணிக்கும் கணினி எதுவும் இதில் கிடையாது. ஆகவே ஸ்கேனரைச் செருகிக் குறியீடு படிக்கும் பேச்சுக்கே இடமில்லை. டேஷ்போர்டில் ஆர்பிஎம் முள்ளும் இல்லை. அந்த முள் மட்டும் இருந்திருந்தால் கீழே சொல்லப்போகும் வேலையில் பாதி மிச்சமாகியிருக்கும் என்பதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

உரிமையாளர் மொரீஷியஸின் க்யூர்பிப் நகரில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். வெள்ளிக்கிழமைகளில் காத்ர் போர்னுக்குக் கோயிலுக்கும், மாதம் ஓரிரு முறை போர்ட் லூயிஸில் இருக்கும் மகள் வீட்டுக்கும் தவிர வண்டியை அதிகம் எடுப்பதில்லை. "மோத்தேர் பெ ராத்தே" என்று இங்கே எல்லோரும் கிரியோலில் சொல்லும் அதே முறைப்பாட்டோடுதான் அவரும் வந்தார்: எஞ்சின் விட்டுவிட்டு அடிக்கிறது (மிஸ்ஃபயர், அதாவது ஓடும்போதே சில துடிப்புகள் தவறிப்போவது), சில நாள் வருகிறது, சில நாள் வருவதே இல்லை. அதற்கு முன் இரண்டு கராஜ்களில் ஸ்பார்க் பிளக்குகள், பிளக் வயர்கள், பெட்ரோல் ஃபில்ட்டர், இக்னிஷன் காயில் ஆகிய அனைத்தும் மாற்றப்பட்டு, கார்புரேட்டரும் கழற்றிக் கழுவப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் சில நாட்கள் வண்டி ஒழுங்காக ஓடியிருக்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறு தானாகவே சில நாள் வராமல் இருக்கும் இயல்புடையது என்பதால், அந்த நாட்களின் பெருமை கடைசியாக மாற்றிய பாகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

முதல் வருகை: உண்மையான கோளாறு, தவறான விடை

வண்டி ரோஸ் ஹில்லில் உள்ள எங்கள் கராஜுக்கு ஜூலை மாதத்தில் ஒரு தூறல் நாளன்று வந்தது. அடிப்படைச் சோதனைகளில் குறை சொல்ல எதுவும் இல்லை. கம்ப்ரஷன் நான்கு சிலிண்டரிலும் சதுர சென்டிமீட்டருக்கு 11.8 கிலோ முதல் 12.2 கிலோ வரை இருந்தது. பிளக் வயர்களின் தடை 6 முதல் 11 கிலோ ஓம். பல ஜப்பானிய உற்பத்தியாளர்கள் ஒரு வயருக்கு 25 கிலோ ஓம் வரை அனுமதிக்கிறார்கள். எஞ்சினின் உறிஞ்சலை அளக்கும் வாக்குவம் கேஜின் முள் ஐட்லிங்கில் (மிதியைத் தொடாமல் எஞ்சின் ஓடும் நிலையில்) ஆடாமல் நின்றது. கழற்றிப் பார்த்த நான்கு பிளக்குகளும் ஒரே இளம்பழுப்பு நிறத்தில் இருந்தன. இந்தக் கடைசிக் கவனிப்பைச் சோதனைத் தாளில் எழுதிவிட்டு அப்படியே கடந்துபோனேன். ஒரு சிலிண்டர் மட்டும் அடிக்கடி தவறியிருந்தால் அதன் பிளக் மற்ற மூன்றிலிருந்து வேறுபட்டுக் கறுத்திருக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல் இருந்தது ஒரு தடயம். நான் அதைத் தடயமாகப் படிக்காமல், குறையில்லை என்ற குறிப்பாகவே படித்தேன்.

மாலையில் விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போதே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் தெளிப்பான் பாட்டிலில் இருந்து மெல்லிய நீர்த்துளிகளை அடித்தோம். இரண்டாம், நான்காம் சிலிண்டர்களுக்கான கோபுரங்களுக்கு (வயர் செருகும் முனைகளுக்கு) இடையே நீலநிறத்தில் ஒரு பொறி ஊர்ந்தது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்தபோது உள்பக்கத்தில் பென்சிலால் கோடிட்டதுபோல் ஒரு கரித்தடம் தெரிந்தது. நுண்ணிய விரிசல் ஒன்றில் மின்சாரம் பலநாள் கசிந்து எரிந்து உண்டாக்கிய தடம் அது. ஈரம், தூறல், க்யூர்பிப், காலை நேரம் ஆகிய எல்லாமே அந்த ஒரு கோட்டில் வந்து முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில், தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகத்துக்குள்ளேயே பாதி நாள் கிடக்கும் ஊரில், விரிசல் விட்ட டெல்கோ மூடியை விடப் பொருத்தமான குற்றவாளி யார் இருக்க முடியும்? (டிஸ்ட்ரிபியூட்டரை எங்கள் கராஜ்களில் டெல்கோ என்று சொன்னால்தான் புரியும்.)

மூடியையும், அதற்குள் சுழன்று பொறியைப் பகிரும் ரோட்டரையும் மாற்றினோம். பிறகு வழக்கப்படி க்யூர்பிப் மேட்டில் மூன்றாம் கியரில் மிதியை முழுவதும் அழுத்தி ஏற்றிப் பார்த்தோம். எஞ்சின் ஒரு துடிப்பும் தவறவில்லை. வண்டியைத் திருப்பிக் கொடுத்தோம்.

நான்காம் நாள் அவர் மீண்டும் வந்தார்.

குறிப்பேடு

இந்த முறை ஆசிரியர் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். கோளாறு தொடங்கிய ஏப்ரல் மாதத்திலிருந்து ஒவ்வொரு முறையும் அது வந்த தேதி, இடம், வானிலை, வேகம் ஆகியவற்றைக் கட்டம் போட்டு அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். முதல் வருகையின்போதே கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே, தம்பி," என்றார். அது உண்மைதான். எப்போது வருகிறது என்று கேட்டேனே தவிர, அவர் பதில் சொல்லி முடிக்கும் முன்பே பானெட்டைத் திறந்துவிட்டிருந்தேன்.

மொத்தம் பதினான்கு பதிவுகள் இருந்தன. மூன்று பதிவுகள் மழைநாள் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்ததைப் பற்றியவை. அவற்றைத் தனியே ஒதுக்கினோம். அவை பழைய மூடியின் விரிசலால் வந்தவை என்று கொள்வதில் தடையில்லை, மூடி மாற்றிய பிறகு அவ்வகைத் தொல்லை வரவும் இல்லை. மீதி பதினொன்றும் வேறு சாதி. ஃப்ளோரியால் தாண்டிய சமதளம், வாக்வா சாலை, ஃபீனிக்ஸை நெருங்கும் இறக்கம் என்று இடங்கள் மாறினாலும், வேகம் எப்போதும் மணிக்கு 45 முதல் 60 கிலோமீட்டருக்குள் இருந்தது. ஒரு பதிவுகூட ஏற்றத்தில் இல்லை.

"மேடு ஏறும்போது ஒன்றும் இல்லை தம்பி. சமதரையில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது காலைச் சற்றுத் தளர்த்தினால்தான் அது வருகிறது. மறுபடி அழுத்தினால் போய்விடுகிறது."

இது தலைகீழான செய்தி. மிதியை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் கலவை புகுந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. ஆகையால் பிளக், வயர், மூடி, ரோட்டர், காயில் ஆகியவற்றில் ஏற்படும் உயர் வோல்டேஜ் பலவீனம் பாரம் ஏறும்போதுதான் வெளிப்படும். பெட்ரோல் போதாமையும் அப்படியே. மேட்டில் ஏற்றிச் சோதிக்கும் எங்கள் பழக்கம் இந்த அறிவிலிருந்து வந்ததுதான். ஆனால் இந்த வண்டியின் கோளாறு தலைகாட்டவே முடியாத ஒரே இடத்துக்கு அதைக் கொண்டுபோய்ச் சோதித்திருந்தோம். மிதியின் லேசான அழுத்தத்தில் மட்டும் தோன்றி, முழு அழுத்தத்திலும் ஐட்லிங்கிலும் மறையும் மிஸ்ஃபயருக்குக் காரணங்களின் பட்டியல் மிகச் சிறியது.

சாலையில் ஒரு டைமிங் லைட்

அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது கலவையில் பெட்ரோல் குறைந்துபோவது. மெதுவான ஓட்டத்தில் கார்புரேட்டர் இயல்பாகவே சிக்கனமான கலவையைத்தான் தருகிறது. அதில் எங்காவது ஒரு ஹோஸ் காற்றைக் கசியவிட்டாலோ, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் விடும் இஜிஆர் வால்வு மூடாமல் நின்றாலோ எரிதல் தடுமாறும். இதைச் சோதிப்பது எளிது. கோளாறு வரும் நேரத்தில் சோக் பிடியை ஒரு விரற்கடை வெளியே இழுத்துக் கலவையைச் செறிவாக்கினால், காரணம் அதுதான் எனில் வண்டி உடனே சமாதானம் அடைய வேண்டும். இந்த வண்டி அடையவில்லை. மேலும் பெட்ரோல் சார்ந்த தடுமாற்றம் பொதுவாகக் கொஞ்சம் மெத்தென்று இருக்கும். எஞ்சின் சோர்ந்து, இழுத்து, திரும்பும். இங்கே சாவியை யாரோ ஒரு கணம் திருப்பி அணைத்ததுபோல் வெட்டென்று வந்து வெட்டென்று போயிற்று.

அடுத்த நாள் காலை, ஆசிரியரையே ஓட்டச் சொல்லி அவருடைய வழக்கமான பாதையில் போனோம். கால் பழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அவருடைய கால்தான் இந்தக் கோளாறை அழைக்கத் தெரிந்த கால். இக்னிஷன் காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுக் கோபுரத்துக்குப் போகும் தடித்த வயரில், பொறி போகும் ஒவ்வொரு முறையும் மின்னும் டைமிங் லைட்டின் கிளிப்பை மாட்டி, கேபிளைப் பானெட்டின் பின் இடுக்கு வழியாக உள்ளே கொண்டுவந்து, விளக்கை என் உதவியாளரின் மடியில் கறுப்புத் துணிக்கு அடியில் வைத்தோம். எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது நான்கு சிலிண்டருக்குமாகச் சேர்த்து நிமிடத்துக்கு 4,000 பொறிகள், அதாவது நொடிக்கு 66க்கு மேல், அந்த நடு வயர் வழியாகப் போகின்றன. அந்த வேகத்தில் விளக்கு சிமிட்டுவது கண்ணுக்குத் தெரியாது. தொடர்ந்து எரிவதுபோலவே இருக்கும். நின்றால் மட்டும் தெரியும்.

வாக்வாவுக்கு முன்னால், மணிக்கு 55 கிலோமீட்டரில், ஆசிரியர் காலைத் தளர்த்தினார். வண்டி குலுங்கியது. "அண்ணே, போயிடுச்சு," என்றான் உதவியாளன். அவன் முடிப்பதற்குள் விளக்கு திரும்ப வந்திருந்தது. மேலும் நான்கு முறை குலுங்கியது. நான்கு முறையும் துணிக்கு அடியில் இருட்டு.

இந்த ஒரு கவனிப்பால் பாதி இக்னிஷன் அமைப்பு விசாரணையிலிருந்து விடுதலை பெற்றது. நடு வயரிலேயே பொறி இல்லை என்றால், அதற்கு அப்பால் இருக்கும் மூடி, ரோட்டர், பிளக் வயர்கள், பிளக்குகள் ஆகிய எதற்கும் இதில் பங்கில்லை. பொறி பிறக்கவே இல்லை. நான்கு பிளக்குகளும் ஒரே நிறத்தில் இருந்ததன் பொருளும் இப்போதுதான் எனக்கு விளங்கியது. திரும்பி வரும் வழியில் காயிலின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு 12 வோல்ட் சோதனை விளக்கையும் உள்ளே இழுத்துக்கொண்டோம். குலுங்கும்போது அது அணையவில்லை. சாவி, ஃபியூஸ், மின்வரத்து எல்லாம் சரி. மீதம் இருந்தவை மூன்று: காயில், இக்னைட்டர், பிக்கப் காயில்.

மிதியை அறிந்த பாகம்

இந்த இடத்தில் பலர் இக்னைட்டரை மாற்றுவார்கள். சூடேறினால் பழுதாகும் அதன் இயல்பு எல்லோருக்கும் தெரியும்; விலையும் ஓரளவு அதிகம் என்பதால் மாற்றிவிட்டால் பெரிய வேலை செய்த நிறைவும் கிடைக்கும். ஹேர் டிரையரால் அதைச் சூடாக்கிப் பார்த்தோம், மாற்றம் இல்லை. மேலும் இந்தக் கோளாறு சூட்டோடு சேர்ந்து நடக்கவில்லை, குளிர்ந்த காலையிலும் வந்திருக்கிறது. ஆகவே நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: இந்த மூன்றில், ஓட்டுநரின் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அறியக்கூடியது எது?

காயிலும் இக்னைட்டரும் பானெட்டின் ஓரத்தில் ஆணியடித்ததுபோல் அசையாமல் இருப்பவை. காலைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. பிக்கப் காயில் அப்படி அல்ல. இவ்வகை டிஸ்ட்ரிபியூட்டரில் அது ஒரு நகரும் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது; அந்தத் தட்டை வாக்குவம் அட்வான்ஸ் டப்பாவில் இருந்து வரும் ஒரு கம்பி இழுக்கிறது; அந்த டப்பா ஒரு மெல்லிய ஹோஸ் வழியாகக் கார்புரேட்டரோடு இணைந்திருக்கிறது. ஹோஸின் துளை, த்ராட்டில் தட்டு (மிதியால் திறக்கும் காற்றுக் கதவு) மூடியிருக்கும்போது அதன் விளிம்புக்குச் சற்று மேலே அமையும்படி வைக்கப்பட்டிருக்கும். ஐட்லிங்கில் துளைக்கு வாக்குவம் கிடைப்பதில்லை. தட்டு கொஞ்சம் திறந்ததும் துளை எஞ்சினின் உறிஞ்சலுக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. டப்பா பலமாக இழுக்கிறது. பொறி முன்கூட்டியே விழும்படி பிக்கப் தட்டு சில பாகை சுழல்கிறது. மிதியை முழுவதும் அழுத்தினாலோ உறிஞ்சலே குறைந்துபோய்ப் பிக்கப் தட்டு பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. சமதரையில் லேசான கால், அதிக வாக்குவம், முழுமையாக இழுபட்ட தட்டு. ஆசிரியரின் பதினொரு பதிவுகளும் இந்த ஒரு நிலையைத்தான் பதினொரு விதமாக எழுதியிருந்தன.

கராஜில் எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, டப்பாவின் ஹோஸைக் கழற்றி அதன் திறந்த முனையை அடைத்துவிட்டு (அடைக்காவிட்டால் அதுவே ஒரு காற்றுக் கசிவாகிச் சோதனையைக் கெடுக்கும்), டப்பாவில் கைப்பம்பை மாட்டினேன். நான்கு அங்குலப் பாதரச அளவில் எஞ்சினின் வேகம் கொஞ்சம் ஏறியது. அட்வான்ஸ் வேலை செய்கிறது. ஒன்பது அங்குலத்தைத் தொட்டதும் எஞ்சின் வெட்டியது, டைமிங் லைட் இருண்டது. பம்பின் காற்றைத் திறந்துவிட்டதும் சீரானது. பத்து முறை செய்ததில் ஏழு முறை வெட்டியது. ஒரு நிமிடம் பிடித்து வைத்தும் பம்பின் முள் இறங்காததால் டப்பாவின் உள் ஜவ்வும் நல்ல நிலையில் இருப்பது உறுதியாயிற்று. நான்கு மாதம் தீவு முழுக்க ஓடி ஒளிந்த கோளாறு, நின்ற இடத்தில், விரலின் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டு வந்துவிட்டது.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பிக்கப்பின் கனெக்டரைப் பிரித்துத் தடையை அளந்தோம். டிஜிட்டல் மல்டிமீட்டர் 158 ஓம் காட்டியது. பம்பை இழுத்தபோது எண்கள் ஒரு கணம் குழம்பிவிட்டுத் திரும்பவும் 158இல் நின்றன. வேறொரு நாளாக இருந்தால் அந்தக் குழப்பத்தைக் கிளிப் நழுவியது என்று விட்டிருப்பேன். அலமாரியில் இருந்து பழைய முள் மீட்டரை எடுத்து மாட்டினோம். தட்டு நகர்ந்து ஒரு குறிப்பிட்ட இடத்தை எட்டியபோது முள் துள்ளி எல்லையற்ற தடையில் போய் விழுந்து, தட்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் திரும்பியது. இப்படிப்பட்ட வேலைக்கு முள்ளுக்கு நிகர் இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

கம்பி

மூடியைக் கழற்றினால், பிக்கப்பில் இருந்து ரப்பர் வளையம் வரை போகும் இரண்டு மெல்லிய கம்பிகள், ஆளுக்கு ஒரு விரல் நீளம். இரண்டின் மேலுறையும் முழுமையாக இருந்தது. வெடிப்போ, உரசலோ, எண்ணெய் ஊறிய அடையாளமோ இல்லை. வெள்ளைக் கம்பியை இடுக்கியின் முனையால் பிடித்து மெதுவாக இழுத்தேன், அசையவில்லை. சிவப்புக் கம்பியை அதேபோல் இழுத்தபோது, பிடிப்புக் கிளிப்புக்கு அருகில், அது ரப்பர் பட்டைபோல் கொஞ்சம் நீண்டது. செம்பு நீளாது, நீண்டது மேலுறை மட்டும்தான். அந்த இடத்தை பிளேடால் நீளவாக்கில் கீறித் திறந்தோம். ஏழு இழைகளில் ஆறின் முனைகள் பச்சையேறி உருண்டிருந்தன. அவை வெகுநாள் முன்பே அறுந்தவை. ஏழாவதின் முனை மட்டும் பளபளப்பாக இருந்தது. அதன் இரு முனைகளும் ஒன்றோடொன்று தொட்டும் விலகியும், ஏப்ரலில் இருந்து வண்டியை ஓட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

குளிர்ந்த நாட்களில் கோளாறு அடிக்கடி வந்ததற்கு, பழைய மேலுறை குளிரில் விறைத்து முனைகளை விலக்கிப் பிடித்தது காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இதை நான் அளந்து நிறுவவில்லை. ஈரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. க்யூர்பிப்பில் குளிரும் ஈரமும் ஒன்றாகவே வருவதால் எல்லோரும் ஈரத்தையே துரத்தியிருக்கிறோம்.

புதிய பிக்கப் கிடைக்க நாளாகும் என்பதால் இரண்டு கம்பிகளையும் மாற்றினோம். நுண்ணிழைகள் நிறைந்த, சிலிக்கான் மேலுறை கொண்ட கம்பியைத் தேர்ந்தெடுத்து, தட்டு முழுத் தூரம் நகரும்போதும் இழுபடாதபடி ஒரு தளர்வான வளைவு விட்டுப் பொருத்தினோம். ஈயப் பற்றுவைப்பு இரு முனைகளிலும் மட்டுமே. வளையும் இடத்துக்குள் ஈயம் ஊர்ந்துவிட்டால் கம்பி அங்கே கட்டையாகி அதே இடத்தில் மறுபடி அறும். கனெக்டரில் இரண்டும் இடம் மாறிவிடாமல் குறித்துக்கொள்வது அவசியம். மாறினாலும் எஞ்சின் ஓடக்கூடும், ஆனால் பிக்கப்பின் அலை தலைகீழாகி டைமிங் தாறுமாறாகப் போகும். தட்டின் சுழலச்சுக்கு ஒரு துளி எண்ணெய் விட்டு, பிக்கப்பின் காற்று இடைவெளியைக் காந்தம் பிடிக்காத பித்தளை ஃபீலர் கேஜால் 0.3 மில்லிமீட்டருக்கு வைத்து, ஹோஸைக் கழற்றி அடைத்த நிலையில் டைமிங்கைச் சரிபார்த்தோம்.

ஹோஸைக் கழற்றியே விட்டுவிட்டால் என்ன என்று உதவியாளன் கேட்டான். கோளாறு வராது என்பது உண்மை. அப்படி விடப்பட்ட பழைய வண்டிகள் இத்தீவில் எத்தனையோ ஓடுகின்றன. லேசான ஓட்டத்தில் பொறி பிந்தி விழும், பெட்ரோல் வீணாகும், எஞ்சின் தேவையில்லாமல் சூடாகும். அவற்றின் உரிமையாளர்களுக்குத் தெரிவதெல்லாம் வண்டி பழையதாகிவிட்டதால் அதிகம் குடிக்கிறது என்பதுதான்.

கைப்பம்பால் ஐம்பது முறை இழுத்துவிட்டோம்; முள் 158ஐ விட்டு அசையவில்லை. பிறகு மேட்டை விட்டுவிட்டு, ஆசிரியரின் காலோடு, வாக்வா சாலையில் முக்கால் மணிநேரம் போய்வந்தோம். ஆகஸ்ட், செப்டம்பர் முழுவதும் அவர் நோட்டில் கட்டம் போட்டுக் காத்திருந்தார். அக்டோபரில் ஒரு பதிவு வந்தது: குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் பெல்ட் சத்தம். அது வேறு வேலை.

அறுந்த சிவப்புக் கம்பியைப் பிளேடு பட்ட இடத்தில் மேலுறையை ஒட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். புதிதாக வேலை பழக வரும் பையன்களிடம் அதையும் டிஜிட்டல் மீட்டரையும் கொடுத்து அளக்கச் சொல்வதுண்டு. மேசையின் மேல் நேராக வைத்து இரு முனையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல கம்பி அண்ணே என்று திருப்பித் தருகிறார்கள்.